டெல்மரை மடக்கிய கத்தி

டெல்மர் அந்தச் சத்தியத்தைச் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சமையலறை மேஜையில், வெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் வலது கையை வைத்து. பைபிள் எடுத்துவரக் கிளம்பிய அவன் மனைவி ஓலீட்டா பாதியிலேயே திரும்பிவிட்டாள்.

"வேணாம். கடவுளை எதுக்கு இதுல இழுக்கணும்? உன்னால அவருக்கு ஏற்கெனவே நிறைய வேலை. எனக்குச் சத்தியம் பண்ணு, போதும்."

"இனிமே துருப்பிடிச்ச சாமான் ஒண்ணுகூட இந்த வீட்டு வாசப்படிய மிதிக்காது" என்றான் டெல்மர்.

"ஷெட் வாசப்படி?"

"அதையும்தான்."

"கார் டிக்கி?"

"அதுலயும் இல்ல."

"ஹாய்ட் வீட்டுல ஒளிச்சு வச்சிட்டு, அப்பப்போ போய்ப் பாத்துட்டு வர்றது?"

டெல்மர் வெண்ணெய்த் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். பக்கத்து வீட்டு ஹாய்ட்டிடம் அதைப் பற்றி முந்தின நாள்தான் பேசி வைத்திருந்தான். முப்பத்துநாலு வருஷம் குடித்தனம் செய்த மனைவியிடம் ரகசியம் காப்பது, கண்ணாடி ஜாடிக்குள் ஒளிந்துகொள்வது மாதிரி.

"அதுவும் இல்ல" என்றான் ஈனக்குரலில்.

"மீறினா?"

"மீறினா, பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு ஷெட்டை மொத்தமா காலி பண்ணிடு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நம்பர் எழுதி ஒட்டியாச்சு" என்று ஓலீட்டா குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் காட்டினாள். டெல்மரின் பிறந்தநாள் வாழ்த்து அட்டை ஒட்டியிருந்த இடத்தில் இப்போது அந்த நம்பர் இருந்தது.

அவள் மேல் தப்பு சொல்ல முடியாது. மிசௌரியின் தெற்கே, ஓசார்க் மலைகளுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்ன ஊரில் மாவட்டச் சாலைகளைச் சமன் செய்யும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் டெல்மர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஊரில் யார் எதைத் தூக்கிப் போட்டாலும் அது அவன் ஷெட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. புல் வெட்டாத புல்வெட்டி என்ஜின் ஏழு. தள்ளுவண்டி மூன்று, மூன்றுக்கும் சேர்த்து சக்கரம் ஒன்று. நாக்கில்லாத மணி ஒன்று. இவற்றுக்கெல்லாம் கூரை இருந்தது. காருக்கு இல்லை. போன வசந்தத்தில் பெய்த ஆலங்கட்டி மழையில் காரின் மேல்தகடு அம்மை போட்ட முகமாகிவிட்டது.

சத்தியம் பதினோரு நாள் தாக்குப்பிடித்தது.

பன்னிரண்டாம் நாள், மலைக்கு அந்தப்பக்கம் ஒரு விவசாயியின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். டெல்மர் போனான். பார்க்க மட்டும்தான் போனான். ஹாய்ட்டின் பிக்கப் வண்டியில் போனதால் அவன் போனதாகவே கணக்கில்லை, ஹாய்ட் போனபோது உள்ளே உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். அங்கே வளைந்த ஆணிகள் நிறைந்த ஒரு காபித் தகரடப்பா ஏலத்துக்கு வந்தது. யாரும் கேட்கவில்லை. டெல்மரின் கை உயர்ந்தது. காது அரித்தது என்று பின்னால் ஹாய்ட்டிடம் சொன்னான். அரித்தது காதில்லை என்பது ஹாய்ட்டுக்குத் தெரியும்.

வண்டியில் உட்கார்ந்து டப்பாவைக் கிளறினான். ஆணிகளுக்கு அடியில் கிடந்தது அது.

ஒரு மடக்குக் கத்தி. இரண்டு அலகு. இரண்டும் உள்ளே மடங்கித் துருவில் ஒட்டிக்கொண்டு, திறக்கவே மாட்டோம் என்று அடம்பிடித்தன. கைப்பிடியில் ஒரு பக்கத்துப் பட்டையைக் காணோம். மறு பக்கத்துப் பட்டை தொட்டதும் நனைந்த பிஸ்கட்டாக உதிர்ந்தது.

"இது கத்தி இல்ல டெல்மர். கத்தியோட பொணம்" என்றான் ஹாய்ட்.

"உசுரு இருக்கு. இங்க பாரு, உள்ள பித்தளை மின்னுது."

"ஓலீட்டா கையில இது மாட்டினா உனக்குக் கண்ணுக்குள்ள மின்னும்."

"அவ எப்படிப் பாப்பா? பின் பாக்கெட்ல வச்சுக்கறேன்."

"ஆணி?"

"ஆணி உனக்கு. அன்பளிப்பு."

அன்று மத்தியானம் பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட உட்கார்ந்தபோது, நாற்காலியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?" என்றாள் ஓலீட்டா. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பவில்லை.

"எலும்பு. வயசாகுதில்ல."

"வயசான எலும்பு கடகடன்னு கேக்கும். இது டங்குன்னு கேக்குது. எடு வெளிய."

டெல்மர் எடுத்து மேஜையில் வைத்தான். துவைத்து இஸ்திரி போட்ட விரிப்பின் மேல் துரு பொலபொலவென்று கொட்டியது. ஓலீட்டா கத்தியைப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போன் இருந்த பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"அது எங்க தாத்தாவோடது!" என்று கத்தினான் டெல்மர்.

அந்தப் பொய்யை அவன் யோசித்துச் சொல்லவில்லை. அதுவாக வந்தது. வந்தபிறகு, பரவாயில்லையே என்று அவனுக்கே தோன்றியது.

"எந்தத் தாத்தா?"

"ஈசம் தாத்தா. ஷெட்டுல உத்தரத்து மேல இருந்துச்சு. தாத்தாவோட பழைய தொழுவத்துக் கட்டையிலதானே நம்ம ஷெட்டையே கட்டினேன்? கட்டையோட கூடவே வந்திருக்கு. வெளியேருந்து வரல ஓலீட்டா. முதல்லேருந்தே உள்ளதான் இருந்திருக்கு. நான் பண்ணின சத்தியம் வெளியேருந்து வர்ற சாமானுக்குத்தான்."

ஓலீட்டா திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள். கத்தியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"ஈசம் தாத்தாவோடதா! பாவம், எவ்ளோ நல்ல மனுஷன். இதை வச்சு என்ன பண்ணுவாரு?"

"ஆப்பிள் தோல் சீவுவாரு. ஒரே சீவல். ஒரு தடவைகூட நடுவுல அறுந்து நான் பாத்ததில்ல."

"அப்புறம்?"

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"ஒரு பாம்பு."

"பாம்பா?"

"செம்புத்தலையன். இவ்ளோ நீளம். தாத்தா கையில இது மட்டும்தான் இருந்துச்சு. அதுவும் இந்தச் சின்ன அலகு."

ஓலீட்டா சமையல் ஏப்ரனின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா இது நம்ம தலைக்கு மேலயே இருந்திருக்கே, டெல்மர். நல்லா சரி பண்ணு. தாத்தாவுக்கு நாம வேற என்ன செஞ்சுட்டோம்?"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான் டெல்மர். அவள் அதுவரை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்கு நினைவில்லை.

அன்றிலிருந்து அவன் வாழ்க்கையில் ஒரு பொற்காலம். ஷெட்டுக்குப் பகிரங்கமாகப் போகலாம், வரலாம். ஓலீட்டாவே காபி கொண்டுவந்து கொடுத்தாள். கத்தியை நாலு நாள் எண்ணெயில் ஊறப்போட்டான். அலகுகளைக் கோத்திருந்த ஆணிகளை ஒரு சின்ன உளியால் தட்டித் தட்டி வெளியே தள்ளினான். கழற்றின துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்தான். வினிகரில் போட்டான், உப்புத்தாளால் தேய்த்தான். துரு போகப்போக அலகில் சாம்பல் நிறத்தில் எஃகு எட்டிப் பார்த்தது.

ஒரே ஒரு தொல்லை. இரவு உணவு மேஜையில் தினமும் ஓலீட்டா ஒரு கேள்வி கேட்டாள்.

"இன்னிக்கு தாத்தாவைப் பத்தி ஏதாவது ஞாபகம் வந்துச்சா?"

வராமல் எப்படி இருக்கும்? வராவிட்டால் காபி நின்றுவிடும். ஒரு நாள் தாத்தா அந்தக் கத்தியால் கன்றுக்குட்டிக்குப் பிரசவம் பார்த்தார். இன்னொரு நாள் வெள்ளத்தில் மாட்டிய குதிரையின் வாரை அறுத்துக் காப்பாற்றினார்.

"வெள்ளம் முதல்ல வந்துச்சா, பாம்பு முதல்ல வந்துச்சா?" என்றாள் ஓலீட்டா ஒருநாள்.

"வெள்ளம்... இல்ல, பாம்பு. வெள்ளத்துலதான் பாம்பே வந்துச்சு."

"முந்தாநாள் பாம்பு வந்தப்போ வெயில் கொளுத்துச்சுன்னு சொன்ன."

"அது வேற பாம்பு."

மூன்றாவது வாரத்தில் ஈசம் தாத்தா மொத்தம் நாலு பாம்பு வெட்டியிருந்தார். உண்மையான ஈசம் தாத்தா மண்புழுவைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறுகிறவர்.

அடுத்து, கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் பதிக்கப் பட்டை வேண்டும். கடையில் வாங்கினதை டெல்மர் தொட மாட்டான். அவனே செய்வான். கறிக்கடைக்காரன் மாட்டு முழங்கால் எலும்பு ஒன்றைச் சும்மாவே கொடுத்தான். எலும்பைப் பட்டை பட்டையாக அறுப்பதற்கு முன்னால் அதிலுள்ள கொழுப்பு போக வேண்டும். அதற்குச் சோப்புத் தண்ணீரில் போட்டு வேகவைக்க வேண்டும். வேகவைக்கப் பெரிய பானை வேண்டும். வீட்டில் பெரிய பானை ஒன்றுதான். வருஷத்துக்கு ஒருமுறை ஓலீட்டா பீச் பழம் பதப்படுத்தும் பானை. அதில் வேறெதையும் வைத்தவர்கள் இல்லை.

வியாழக்கிழமை ஓலீட்டா போர்வை தைக்கும் கூட்டத்துக்குப் போனாள். போனால் மூன்று மணி நேரம். டெல்மர் பானையை அடுப்பில் ஏற்றி, எலும்பைப் போட்டு, பாத்திரம் கழுவும் சோப்பைத் தாராளமாக ஊற்றினான். அரை மணி நேரத்தில் வாசல் கதவு திறந்தது.

"மார்கிக்குத் தலைவலியாம், கூட்டம் கலைஞ்சிடுச்சு" என்று உள்ளே வந்த ஓலீட்டா நின்றாள். மோந்து பார்த்தாள். "என் பானையில என்ன?"

"சூப்பு."

"நீ சூப்பு வைக்கிறியா?"

"எப்பவும் நீயேதான் வைக்கணுமா? உனக்கு ஓய்வு குடுக்கலாம்னு பாத்தேன்."

ஓலீட்டா மூடியைத் திறந்தாள். நுரை பொங்கி எழுந்து பானையின் விளிம்பைத் தாண்டியது.

"என்ன இவ்ளோ நுரை?"

"கொழுப்பு."

"அது தெரியுது" என்றாள் அவனைப் பார்த்து. "எலுமிச்சை வாசனை வருதே?"

"கொஞ்சம் பிழிஞ்சேன்."

"அடேயப்பா! முப்பத்துநாலு வருஷத்துல எனக்காக நீ வச்ச முதல் சூப்பு. நான் மட்டும் குடிச்சா நல்லாருக்காது. முதல்ல நீ உக்காரு."

கிண்ணம் நிறைய ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். கன்னத்தில் கை வைத்து எதிரே உட்கார்ந்தாள். டெல்மர் ஒரு கரண்டி வாயில் வைத்தான். இரண்டாவது கரண்டி வைத்தான். அவன் "நல்லா இருக்கு" என்று சொன்னபோது, வார்த்தையோடு ஒரு குமிழியும் வெளியே வந்து மேஜைக்கு மேலே மிதந்து போய் உடைந்தது.

"எனக்கு இன்னிக்கு வயிறு சரியில்ல" என்றாள் ஓலீட்டா. "நீயே குடிச்சுடு. பானையை மட்டும் நல்லா கழுவிடு. சோப்பு போட்டு."

இரண்டு நாளைக்கு டெல்மர் ஏப்பம் விட்டால் சமையலறை சுத்தமானது மாதிரி வாசனை வந்தது. ஆனால் எலும்பு அப்பழுக்கில்லாமல் வெந்திருந்தது.

பட்டையாக அறுத்து, அரத்தால் ராவி, கொல்லைப்புறத்துக் கறுப்பு வால்நட் மரத்தின் காய்த்தோலை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, அதில் பட்டைகளை மூழ்கப்போட்டான். எலும்புக்கு அருமையான பழுப்பு ஏறியது. அவன் பத்து விரலுக்கும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கை கொடுத்த போதகர், கொடுத்த கையை ரகசியமாகக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

முதல் ஜோடிப் பட்டையில் துளை போடும்போது ஒன்று விரிந்தது. இரண்டாவது ஜோடி, பித்தளை ஆணியைச் சுத்தியால் தட்டிப் பரப்பும்போது, கடைசித் தட்டில் போனது. கடைசித் தட்டில்! டெல்மர் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு என்ஜின்களில் எதையும் அவன் முடித்ததில்லை. ஒரு தள்ளுவண்டியைக்கூட முடித்ததில்லை. இதை முடித்தே ஆக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுந்து மூன்றாவது ஜோடியை அறுக்க ஆரம்பித்தான்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை காலை, ஹாய்ட் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி ஆணியைத் தட்டி மழுக்கினான். நகத்தை அலகின் பள்ளத்தில் வைத்து இழுத்தான். அலகு வழுக்கிக்கொண்டு எழுந்தது. முழுசாகத் திறந்ததும் 'க்ளிக்'. மடக்கினான். மறுபடி 'க்ளிக்'. கைப்பிடி உள்ளங்கையில் அங்கேயே முளைத்தது மாதிரி உட்கார்ந்தது.

ஹாய்ட் தொப்பியைக் கழற்றினான். அவன் இறந்தவர்களுக்கு மட்டும்தான் தொப்பியைக் கழற்றுவான்.

"பொணம்னு சொன்னது தப்பு" என்றான்.

டெல்மர் ஓலீட்டாவிடம் ஓடினான். அவள் வாங்கித் திறந்தாள், மடக்கினாள், ஓர் ஆப்பிளை எடுத்து ஒரு கீற்று நறுக்கினாள். கட்டைவிரலால் பழுப்புப் பட்டையைத் தடவினாள்.

"அழகா இருக்கு, டெல்மர்" என்றாள். அதில் நடிப்பு இல்லை. முப்பத்துநாலு வருஷத்தில் அந்தக் குரலை அவன் ரெண்டு மூன்று தடவைதான் கேட்டிருக்கிறான். நெஞ்சு விம்மியது.

"அதான் எர்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றாள் அதே மூச்சில்.

விம்மிய நெஞ்சு அப்படியே நின்றது.

"எந்த எர்மா?"

"உங்க அக்கா எர்மாதான். வேற எந்த எர்மா? தாத்தாவோட கத்தி கெடச்சிருக்கு, அவங்ககிட்ட சொல்ல வேணாமா? அழுதுட்டாங்க. நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொன்னாங்க. கத்தியோட."

எர்மா டெல்மரைவிட எட்டு வயது மூத்தவள், ஒரு ஜாண் உயரமானவள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. இன்றைக்கும் அவள் முன்னால் டெல்மர் நகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் உட்கார மாட்டான். ஈசம் தாத்தா சாவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்: 'என் சாமான் எல்லாம் எர்மாவுக்கு. அவள்தான் பத்திரமாக வைத்திருப்பாள்.' எல்லாம் என்றால் எல்லாம், எர்மா வேண்டாம் என்று விட்ட தொழுவத்துக் கட்டையைத் தவிர. தாத்தாவே செய்த வால்நட் மர அலமாரிகூட எர்மா வீட்டில்தான் இருந்தது. துளைத்துளையாகப் பூப்போட்ட தகரக் கதவு வைத்தது. ஓலீட்டா அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதன் மேல் கை வைத்து ஒரு நிமிஷம் நிற்பாள். எர்மா அதில் மழைக்கால பூட்ஸ் வைத்திருந்தாள்.

டெல்மர் வேலியோரம் ஹாய்ட்டைப் பிடித்தான்.

"தாத்தா சாமான்னா அது அக்காவுக்குத்தான். பிடுங்கிக்குவா, ஹாய்ட்!"

"உண்மையச் சொல்லிடு."

"சொன்னா சத்தியத்தை மீறினதாயிடும். இரும்புக்காரன் வருவான். ஷெட்டே போயிடும்."

"அப்ப கத்திய குடுத்துடு."

"என் கத்திடா! என் கையால செஞ்ச கத்தி!"

"தாத்தா கத்தின்னு சொன்னது யாரு?"

ஹாய்ட் தாடையைச் சொறிந்தான். "சந்தேகம் கிளப்பிப் பாரு. இது தாத்தாவோடதுதானான்னு சரியாத் தெரியலைன்னு சொல்லு. பொய்யை முழுசா வாபஸ் வாங்காத. கொஞ்சங்கொஞ்சமா வாங்கு. நானும் அங்கதான் இருப்பேன்."

"நீ எதுக்கு அங்க?"

"ஓலீட்டா கூப்பிட்டா. ஞாயித்துக்கிழமை தனியாச் சாப்பிடறேனாம், பாவமாம். என் பிக்கப்லயே எல்லாரும் போயிடலாம்னா."

ஞாயிற்றுக்கிழமை எர்மா வறுத்த கோழியும் உருளைக்கிழங்கு மசியலும் வைத்தாள். டெல்மர் கோழித் துண்டைத் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தான். தட்டுகளை எடுத்ததும் எர்மா மேஜையைத் துடைத்து, ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள்.

"எடு" என்றாள்.

டெல்மர் வைத்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அக்கா, ஒரு சின்ன சந்தேகம். இது நிஜமாவே தாத்தாவோடதுதானான்னு நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. உத்தரத்து மேல யார் வேணா வச்சிருக்கலாம். கட்டை பிரிக்க வந்த ஆளுங்க யாராவது..."

"அப்ப அந்தப் பாம்பு?" என்றாள் ஓலீட்டா.

"எந்தப் பாம்பு?" என்றாள் எர்மா.

"நாலு பாம்பு, எர்மா. டெல்மருக்கு எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கு. ஒவ்வொண்ணும் எவ்ளோ நீளம்னுகூட சொன்னான்."

டெல்மர் ஹாய்ட்டைப் பார்த்தான். ஹாய்ட் உப்பு ஜாடியைப் பார்த்தான்.

எர்மா கத்தியை எடுத்தாள். 'க்ளிக்' என்று திறந்தாள். அலகைப் பார்க்கவில்லை, கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். அப்புறம் அந்தத் தலைமை ஆசிரியை முகம் மெல்ல உடைந்தது.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். "ஏழு வயசு எனக்கு. முள்கம்பி வேலியில பாவாடை மாட்டிக்கிச்சு. அழுதுட்டு நிக்கறேன். தாத்தா வந்து இந்தக் கத்தியாலதான் அறுத்து விட்டாரு. இதே கத்தி. இதே பழுப்பு எலும்பு. இதே வழவழப்பு. கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாகூட எனக்குத் தெரியும்."

அந்த எலும்பு ஆறு வாரத்துக்கு முன்னால் மாட்டுக்குள் இருந்தது. டெல்மர் அதைச் சொல்ல வாயைத் திறந்தான். ஆனால் அக்கா அழுவதை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. அம்மாவின் சவ அடக்கத்தில்கூட அவள் பாட்டுப் புத்தகம் விநியோகம் செய்துகொண்டிருந்தவள். இப்போது கன்னத்தில் வழிவதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், இரண்டு கையாலும் கத்தியைப் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பெண் மாதிரி இருந்தாள்.

"வச்சுக்கோ அக்கா" என்றான். சொன்னது தான்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. "நீதான் பத்திரமா வச்சிருப்ப."

ஹாய்ட் மூக்கைச் சிந்தினான்.

"ஒரு நிமிஷம் எர்மா" என்றாள் ஓலீட்டா மென்மையாக. "கத்தியை வெறுங்கையோட வாங்கக் கூடாது. உறவு அறுந்துடும்னு சொல்லுவாங்க. பதிலுக்கு ஏதாவது குடுத்துட்டுத்தான் வாங்கணும்."

"ஆமா, ஆமா, எங்கம்மாகூட சொல்லுவா. இரு, என் பர்ஸ்ல ஒரு சென்ட் காசு இருக்கும்."

"பாம்பு வெட்டின கத்திக்கு ஒரு சென்ட்டா? உங்க இஷ்டம். எனக்கென்னவோ, தாத்தா சாமானுக்குத் தாத்தா சாமானாவே மாத்திக்கிட்டா அவர் மனசு குளிரும்னு தோணுது. பெருசா ஒண்ணும் வேணாம். நீங்க உபயோகப்படுத்தாம சும்மா கெடக்கறது ஏதாவது."

ஓலீட்டா கூரையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தாள், அலமாரியைத் தவிர.

எர்மா ஈரக் கண்ணால் சுற்றிலும் தேடினாள். "அந்த அலமாரியில பழைய பூட்ஸ்தான் கெடக்கு."

"ஐயையோ, அவ்ளோ பெரிசா? வேணாம் எர்மா."

"எடுத்துட்டுப் போ ஓலீட்டா. தாத்தா இருந்தா அதைத்தான் குடுத்திருப்பாரு."

"நீங்க இவ்ளோ சொல்லும்போது மறுத்தா மரியாதையா இருக்காது" என்று ஓலீட்டா அப்போதே எழுந்துவிட்டாள். "ஹாய்ட், நீ அந்தப் பக்கம் பிடி. டெல்மர், நீ இந்தப் பக்கம்."

பிக்கப்பின் பின்பக்கம் பழைய கம்பளி ரெண்டும், ஒரு சுருள் கயிறும் தயாராகக் கிடந்தன. காலையில் எதற்கு என்று கேட்டபோது, 'மழை வந்தா' என்றிருந்தாள். ஆகாயத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

வீட்டுக்கு வந்து அலமாரியைச் சமையலறையில் இறக்கியபோது டெல்மரின் இடுப்பில் ஏதோ 'க்ளிக்' என்றது. கத்தி போட்ட சத்தத்தைவிட இது பலமாக இருந்தது. ஹாய்ட் தள்ளாடியபடி தன் வீட்டுக்குப் போனான். ஓலீட்டா ஈரத்துணியால் தகரக் கதவின் பூக்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுவென்று பாட்டு.

டெல்மர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். கத்தியும் இல்லை. மனசும் சரியில்லை. அக்காவின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

"ஓலீட்டா. அந்தக் கத்தி தாத்தாவோடது இல்ல."

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"அன்னிக்கு ஏலத்துல ஆப்பிள் பை வித்தது எங்க சர்ச் பொம்பளைங்கதான். நான் அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் நின்னு மாவு பிசைஞ்சிட்டிருந்தேன். நீ கையைத் தூக்கினத பாத்தேன்."

டெல்மர் நாற்காலியில் உட்கார்ந்தான். "அப்ப அன்னிக்கே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா ஒரு கத்தி போயிருக்கும். கேக்காததால ஒரு அலமாரி வந்திருக்கு."

"இரும்புக்காரன்?"

"போன் பண்ணல. இந்தக் கதவுங்களைப் பாத்தப்புறம் யார் மேலயும் கோவம் வரல."

டெல்மருக்குப் பெரிய பாரம் இறங்கியது. ஷெட் பிழைத்தது. பொய்யும் வெளியே வந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒன்றுதான். முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுந்தான். பல வருஷமாக அவனுக்கு வராத ஒரு கம்பீரம் குரலில் வந்தது.

"அக்கா அழுதத பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல, ஓலீட்டா. நாளைக்குக் காலைல முதல் வேலையா போய் அவகிட்ட உண்மைய சொல்லிடப்போறேன்."

ஓலீட்டா துடைப்பதை நிறுத்தினாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தேர்வு முடிந்து மணி அடித்தபிறகு பேனாவைத் தேடுகிற பையனைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"உண்மை பேசறதுக்கு உனக்கு ஆறு வாரம் டைம் குடுத்தேன், டெல்மர். அது நேத்தோட முடிஞ்சு போச்சு. இந்த மூலையைக் கொஞ்சம் தூக்கு, சுவரோட சரியா ஒட்டல."